கைப்பம்பு

பிரிந்தபோது எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம்.
படகு அவளுக்கு. நாயும் அவளுக்கே.
குவோபியோ வீட்டுக் கடன் பாதிப்பாதி.
எரிபொருள் ஏற்றும் இந்தக் கைப்பம்பு மட்டும்
பட்டியலில் விட்டுப்போயிற்று.

அதனால் ஞாயிறுதோறும்
உறைந்த ஏரியின் நடுவே
இரண்டு கார், ஒரு மடக்குமேசை,
சக்கரம் கழற்றிச் சறுக்குக்கட்டை மாட்டிய
இரண்டு விமானங்கள்.

கேன் என் பொறுப்பு.
இந்தக் குளிரில் விளக்கெண்ணெய்
மெத்தனாலோடு ஒட்டாமல் அடியில் போய் உட்காரும்.
கோட்டுக்குள் வைத்து உடம்புச் சூட்டோடு கொண்டுவருவேன்.
ரைலி வாங்கிக் குலுக்குவாள்,
வெயிலுக்கு நேரே பிடிப்பாள்,
ரோஸ் நிறம் ஒன்றாய்க் கலந்திருந்தால்
திருப்பித் தருவாள்.

நான் கைப்பிடியைச் சுற்றுவேன்.
டேங்க் விமானத்தின் மூக்குக்குள்.
நிறைவது வெளியே தெரியாது.
சைலன்ஸரிலிருந்து உருவிய குழாய்நுனியை
அவள் விரலிடுக்கில் பிடித்திருப்பாள்.
காற்று. குமிழி. குமிழி.
பிறகு ஒரு சொட்டு.
"போதும்" என்பாள்.
எத்தனையோ ஞாயிறுகளில்
நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அடுத்து என் விமானம்.
அவள் சுற்றுவாள், நான் சொல்வேன்.
எப்போதும் கொஞ்சம் வேகமாகத்தான் சுற்றுவாள்.
பதினோரு வருஷம் சொல்லிப் பார்த்தாயிற்று.

மார்ச்சில் ஒருநாள்
பிளக்கை வெளியே எடுத்து
கம்பி சிவக்கிறதா என்று பார்த்தாள்.
கையுறையில் சிந்தியிருந்தது.
மெத்தனால் பகலில் எரிந்தால் தெரியாது.
வெண்பனி வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியாது.
நிறமில்லை, புகையில்லை,
அவள் கைக்குப் பின்னால்
எதிர்க்கரை மரங்கள் மட்டும் நெளிந்தன.

அந்த நேரத்தில் நான் ஏன்
அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்
என்று கேட்காதீர்கள்.
மணிக்கட்டைப் பிடித்துப் பனிக்குள் அழுத்தினேன்.

"எரிந்ததா என்ன?"
"எரிந்தது."
"எனக்குத் தெரியவில்லையே."
சுண்டுவிரல் சிவந்திருந்தது.
"களிம்பு டிக்கியில் இருக்கிறது, ஹெய்மோ."

டிக்கியைத் திறந்தேன்.
களிம்புக்குப் பக்கத்தில்
பேட்டரியில் ஓடும் புதுப் பம்பு ஒன்று,
பெட்டியின் டேப் பிரிக்காமல்.
ரசீதில் போன அக்டோபர் தேதி.
களிம்பை மட்டும் எடுத்துவந்தேன்.

ஒற்றைக் கையால்தான் பறக்கவிட்டாள்.
மூன்றாம் நிமிடம்
உச்சியில் எஞ்சின் இருமி அடங்கியது.
அப்போதுதான் நினைவு வந்தது,
உருவிய குழாயைத் திரும்ப மாட்டவில்லை.
அவளும் மாட்டவில்லை,
நானும் கவனிக்கவில்லை.

சத்தமில்லாமல் மிதந்து வெகுதூரம் போய்
ஏரியின் அந்தப் பக்கம் இறங்கியது.
எடுத்துவர இருவரும் நடந்தோம்.
அவள் கை வலிக்கிறதென்று
திரும்பும்போது நான் சுமந்தேன்.
நான் சாயும் பக்கமெல்லாம்
டேங்குக்குள் பித்தளைக் குண்டு
மிச்ச எண்ணெயைத் தேடிப் போய்
டொக், டொக் என்றது.

"மறுபடி நிரப்பலாமா?"

சுற்றினேன்.
குழாய்நுனியில் சொட்டு வந்தது.
இன்னொன்று.
பனியில் ரோஸ் நிறமாய் ஒரு நாணயம் அளவுக்கு,
அப்புறம் ஒரு தட்டு அளவுக்கு.
அவள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.