நகக்கீறல்

தாராவி, பதிமூன்றாம் காம்பவுண்டில்
கண்ணாடி பிரிப்பவள் நான்.
வெள்ளை தனி, பச்சை தனி, தேன்நிறம் தனி.
சேட்டுக்கு நிறம்தான் கணக்கு.
உள்ளே என்ன இருந்தது என்று
தராசு கேட்பதில்லை.

மூக்குக்குத் தெரியும்.
குவார்ட்டர் பாட்டில்கள் திங்கட்கிழமை குவியும்.
ஸ்டேஷன் பக்கத்துச் சாக்கில் ஒயிட்னர் டப்பாக்கள்,
சின்னக் கைகள் பிதுக்கிப் போட்டவை.
இருமல் மருந்து மட்டும்
யாரும் இருமாத மே மாதத்திலும் வரும்.

என் மாமியார் ஞானப்பூ
மதுவிலக்குக் காலத்தில்
சைக்கிள் டியூபில் சாராயம் நிரப்பி
வயிற்றைச் சுற்றிக் கட்டி
நிறைமாதக்காரியாய் மாஹிம்வரை நடந்தவள்.
போலீஸ்காரனே வழிவிடுவானாம்.
ஒருநாள் சரக்கில் ஏதோ சேர்ந்துபோக,
சந்தில் நாலு பேர் தூங்கி எழுந்து
'இன்னுமா விடியல?' என்று கேட்டார்கள்.
வெயில் அவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்கும் முன்னே
மாள்வாவிலிருந்து வந்த அபினை
பெட்டி பெட்டியாய்ச் சீனாவுக்கு ஏற்றிய துறைமுகமாம் இது.
அந்தக் காசில் எழும்பிய மாளிகை முன்
டூரிஸ்ட் பஸ் நிற்கிறது.
தம்பி ஜெபசிங் சிரிப்பான்:
'கப்பல்ல வித்தவனுக்குச் சிலை,
பொட்டலத்துல வாங்குனவனுக்கு லத்தி.'
அப்போது அவனுக்குச் சிரிப்பு வரும்.

பை தைக்கும் பட்டறை, ராத்திரி ஷிஃப்ட்.
முதுகுவலிக்கு ஒரு மூடி குடித்தான்.
பிறகு பாதி பாட்டில்.
பிறகு வலியே தேவைப்படவில்லை.
இரண்டு முறை சேர்த்துவிட்டோம்;
ஒருமுறை என் மூக்குத்தி, ஒருமுறை குக்கர்.
மூன்றாம் நாள் நடுக்கத்தில்
என்னை அம்மா என்று கூப்பிட்டான்.
நாற்பதாம் நாள் ஓடிப்போனான்.

அவனுக்கு ஒரு பழக்கம்.
லேபிளைப் பெருவிரல் நகத்தால்
மேலிருந்து கீழே ஒரே கோடாய்க் கீறி உரிப்பான்.
போன ஆடியில் அப்படி ஒன்று கைக்கு வந்தது.
உடைக்க ஓங்கினேன்.
உடைந்தால் பாதி விலை.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு, மூன்று.
சயான் சாக்கில் வந்தால் சயானில் இருக்கிறான்,
குர்லா சாக்கில் வந்தால் குர்லாவில்.
வேறு கடுதாசி எங்களுக்குள் இல்லை.

இந்த மழைக்குப் பதினெட்டு நாள் எதுவும் வரவில்லை.
பக்கத்துச் சாக்குக்காரி ருக்சானா
'திருந்தியிருப்பான்' என்றாள்.
தலையாட்டினேன்.
சயான் ஆஸ்பத்திரிப் பிணவறையில்
ஆறு துணிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன்
என்று அவளிடம் சொல்லவில்லை.

இன்று குர்லா சாக்கு.
அடியில், சேற்றோடு,
தேன்நிறத்தில் ஒன்று.
முந்தானையால் துடைத்தேன்.
ஒரே கோடு.

'ஸ்தோத்திரம் ஆண்டவரே'
வாய் சொல்லிவிட்டது.
எதற்கு என்பது
பிறகுதான் உறைத்தது.

ருக்சானா திரும்பிப் பார்த்தாள்.
கண்ணாடி குத்திவிட்டது என்றேன்.