முப்பத்தோராவது ஜோடி

ஹமாமட்சுவில் எங்கள் சிறிய ஆலயத்துக்குள்
காலணி கழற்றித்தான் நுழைய வேண்டும்.
அதனால் எனக்கொரு வேலை கிடைத்தது.
யாரும் கொடுத்ததல்ல;
நானாகப் போய் ஒளிந்துகொண்டது.

பிரேசில்காரர்கள் வந்ததும் கட்டிப்பிடிப்பார்கள்,
கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள்.
நாற்பத்தாறு வயதில்
பெற்ற தாயைக்கூட நான் கட்டிப்பிடித்ததில்லை.
எதிரே கைகள் விரியும்போதெல்லாம்
சட்டென்று குனிந்துவிடுவேன்.
மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.
குனிந்த இடத்தில் காலணிகள் கிடந்தன.

ஒன்றன்மேல் ஒன்றேறி, குப்புற, மல்லாந்து,
அவர்கள் சிரிப்பைப் போலவே இறைந்து கிடந்தன.
ஒவ்வொன்றாய் எடுத்து
மூக்கு வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்,
திரும்பிப் போகையில் கால் நுழைத்தால் போதும்படி.
முடிப்பதற்குள்
உள்ளே முதல் பாட்டு முடிந்திருக்கும்.

முகங்களை அறியேன். நிமிர்ந்து பார்த்தால்தானே.
இரும்பு முனை பூட்ஸ்: மோட்டார் ஆலை, இரவு ஷிப்ட்.
இடது குதிகால் மட்டும் தேய்ந்தது: யாரோ முதுகுவலிக்காரர்.
வாய் பிளந்த நீலக் கான்வாஸ் ஜுசாராவுடையது;
மழைநாளில் அதற்குள் செய்தித்தாள் திணித்து வைப்பேன்.
பக்கத்தில் பச்சை டைனோசர் போட்ட சின்ன ஜோடி,
எப்போதும் இடம் வலம் மாறி.
என் கணக்கில் அது முப்பத்தொன்று.

நவம்பரில் மூன்று ஞாயிறு
நீலமும் இல்லை, டைனோசரும் இல்லை.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.
சொல்ல வாய் திறக்க வேண்டும்.
எனக்குள் ஒரு நாண்
பிறந்ததிலிருந்து விறைத்தே இருந்தது.
அம்பில்லாத வில்லை
எத்தனை வருடம் இழுத்துப் பிடிப்பது?

புதன் இரவு. ஆலைக் குடியிருப்பு, நாலாம் மாடி.
ஆள் அசைந்தால் எரியும் விளக்கு அது;
அழைப்புமணி முன் நான் நின்ற நிற்பில்
இருமுறை அணைந்துபோனது.
இருட்டில் விரல்தான் அழுத்தியது.

கதவைத் திறந்தவன் காவே, ஏழு வயது.
பேருந்து முழுக்கப் பாடம் பண்ணி வந்த
ஒரே போர்த்துகீசியச் சொல்லைச் சொன்னேன்:
"போம் தியா."
இரவு ஒன்பதரைக்கு, காலை வணக்கம்.
பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
உள்ளேயிருந்து இன்னொரு சிரிப்பு கிளம்பி
இருமலில் முறிந்தது.

ஜுசாராவின் பாதங்கள் வீங்கியிருந்தன.
ஆலை கணக்கு முடித்து அனுப்பியிருந்தது.
மேசையில் காப்பீட்டுத் தாள்கள்,
எல்லாம் என் மொழியில்.
அவளால் படிக்க முடியாத அந்த மொழியில்தான்
இத்தனை நாள் நான் வாய்மூடியிருந்தேன்.

மறுநாள் நகராட்சி அலுவலகம், மூன்றாம் சாளரம்.
என் குரல் எனக்கே கேட்டது.
மெலிசு, நடுக்கம், ஆனால்
சாளரத்தை விட்டு நகரவில்லை.
ஏழுதரம் "மன்னிக்கவும்" என்றேன்.
எட்டாவது தரம் முத்திரை குத்தினார்கள்.

ஜனவரியில் மூப்பர் தேர்தல்.
சீட்டுகளைப் பிரித்த போதகர் ஒகுதாய்ரா
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
பதினெட்டில் பெயரே இல்லை,
விதவிதமான கையெழுத்தில் "காலணி அம்மா" என்றிருந்தது.
ஒன்றில் டைனோசர் படம்.
சிறுவர் ஓட்டு, செல்லாது என்றார்.

பேசச் சொன்னார்கள்.
இடுப்பில் துண்டைக் கட்டிக் குனிந்தவர்
அன்றிரவு என்ன சொன்னார் என்பதைவிட
அந்தத் தண்ணீர் எவ்வளவு சில்லிட்டிருக்கும் என்றே
நான் எப்போதும் யோசித்திருக்கிறேன்.
அதைச் சொல்ல வரவில்லை.
"முகங்கள் பழக்கமில்லை. இனிமேல் பார்க்கிறேன்."
அவ்வளவுதான் வந்தது.

ஜுசாரா கைவிரித்து வந்தாள்.
நான் குனியவில்லை.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மூட்டை இறக்க இடம் தேடுகிறவள்போல் நின்றேன்.

வெளியே வந்தால்,
என் காலணியை யாரோ
வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள்,
இடம் வலம் மாற்றி.