புள்ளி

பதினேழாம் விதி, இரண்டாம் உட்பிரிவு.
திரையில் சிவப்பாய் ஒரு வரி:
ஆண்டுதோறும் கார் அறுத்ததும் கால்வாயைத் தூர்வார வேண்டும்.
அதற்குக் கீழே பச்சையாய் ஒரு வரி:
ஆண்டுதோறும் கார் அறுத்ததும் கால்வாயைத் தூர்வாரலாம்.

சிவப்பு போனது, பச்சை வந்தது.
வேண்டும். லாம்.
இரண்டும் உதட்டை மூடித்தான் முடிகின்றன.
அதனால்தானோ என்னவோ
கூட்டத்தில் வாசித்தபோது
பதினைந்து உறுப்பினர்களில் ஒருவர் காதிலும் உறைக்கவில்லை.
வாழைக்காய் பஜ்ஜி வேறு வந்திருந்தது.

உறைத்தது ஐப்பசியில்.
அமலையும் பிளாஸ்டிக்கும் அடைத்த மதகின்மேல்
எந்த விதியையும் வாசிக்காத தண்ணீர் ஏறி வந்தது.
கடைமடையில் ஆவுடைத்தங்கத்தின் பிசான நாற்று
மூன்று நாள் முங்கிக் கிடந்தது.
நாலாம் நாள், காலில் சேறு காய,
பேரூராட்சி அலுவலகத்துக்குள் வந்து நின்றாள்.
"யாரு இத மாத்துனது, சொல்லும்."

வழக்கமாய் இந்தக் கேள்விக்கு
எங்கள் பீரோதான் பதில் சொல்லும்:
சாவி தென்காசிக்குப் போயிருக்கிறது,
நாளைக்கு வாரும்.

ஆனால் போன தையில்
மேலப்பாளையத்து பீர்முகம்மது
எங்கள் கிழட்டுக் கணினியில்
ஒரு பதிவேட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தான்.
அழித்தால், அழித்ததையும் எழுதும்.
எழுதினால், எழுதிய கையையும் எழுதும்,
மணி நிமிடம் நொடியோடு.
ஊரில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.
(இது நல்ல லாம்.)

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
செப்டம்பர் மூன்று, இரவு ஒன்பது நாற்பத்தொன்று.
மாற்றியவர்: ஜெபகனி.

ஜெபகனி நான்தான்.

கை என்னுடையது.
வாய் தொலைபேசியில் இருந்தது.
"ஒத்தச் சொல்லுதாம்மா, இளக்கிப் போடும்.
பணம் வராத வருசம்
நம்ம கழுத்துலல்லா வந்து நிக்கும்" என்றது.
அதுவும் முழுப் பொய்யில்லை.
மாற்றினேன்.
'ஏன் மாற்றுகிறீர்கள்?' என்று பதிவேடு கேட்டது.
காரணம் எழுதாமல் அது நகராது.
கடைசி பஸ் பத்து மணிக்கு.
அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

மானூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு,
தேர்தல் வேலைக்குப் போனபோது காட்டினார்கள்.
சபையில் எதை வைத்தாலும் 'அன்று, அன்று' என்று மறிப்பவர்க்கு
ஐந்து காசு தண்டம்.
அன்றைக்கு அதைப் படித்துச் சிரித்தேன்.
யார் மறித்தார், எதை மறித்தார்,
மறித்தது நியாயமா, தண்டம் போடச் சொன்னது யாருடைய வாய்,
கல்லுக்குத் தெரியாது.
கல் கடைசிப் பிரதியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டது,
ஆயிரத்திருநூறு வருசமாய்.
இப்போது அந்த உளி பிடித்த கை ஞாபகம் வருகிறது.
அதற்கும் யாரோ
'இளக்கி வெட்டும்' என்று சொல்லியிருக்கலாம்.
(இது என்ன லாம், தெரியவில்லை.)

ஆவுடைத்தங்கம் பெயரைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு காரணக் கட்டத்தில் இருந்த புள்ளியை,
ஈ எச்சம் என்று நினைத்தாளோ,
முந்தானை நுனியால் துடைத்தாள்.
போகவில்லை.
இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

"அது அழுக்கு இல்லக்கா" என்றேன்.
"நான் வச்சது."

அதை அழிக்க முடியாது.
பீர்முகம்மது அப்படித்தான் செய்துவைத்திருக்கிறான்.
கீழே இன்னொன்று சேர்க்க மட்டும் முடியும்.
புதுப் பதிவைத் திறந்தேன்.
காரணம்:
செப்டம்பர் மூன்று இரவு, தொலைபேசியில் சொல்லக் கேட்டு.
சொன்னவர்:

அங்கே விரல் நின்றது.
மேசைமேல் தொலைபேசி கவிழ்ந்து கிடந்தது.
சம்பளம் வர இன்னும் ஒன்பது நாள்.

"நாத்து முங்குனது முங்குனதுதான்" என்றாள் ஆவுடைத்தங்கம்,
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.
"எழுதும்."