கத்தரிச் சத்தம்

வாலிபர் கூட்டத்து நோட்டில்
கிதியோன் பெயருக்கு நேரே
நாலு ஞாயிறாய்ப் புள்ளி.

முதல் தரம் போனபோது
கக்கத்தில் வேதாகமம் இருந்தது.
முன்வாசலில் நான் செருப்பைக் கழற்றுமுன்
பின்வாசலில் அவன் சைக்கிள் கிளம்பிவிட்டது.
"இப்பதான் இருந்தான் சார்"
சுளகிலிருந்து தலை நிமிராமல் ரெத்தினபாய்.
பீடியிலை வெட்டும் கை நிற்கவில்லை.
அஞ்சு மணிக்குள் கடைக்கு ஆயிரம் கட்ட வேண்டும்.

மறுவாரம் வெறுங்கையோடு போனேன்.
இருந்தான்.
செல்போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம்
தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது.
"ஜெபம் பண்ணட்டுமா?" என்றேன்.
"பண்ணுங்க. அதுக்கு முன்ன
அம்மாவோட பி.எஃப். ஃபார்ம் நிரப்பித் தருவீங்களா?
ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டான்."

ஆதாரில் ரெத்தினபாய்.
கம்பெனி அட்டையில் ரத்னபாய்.
அந்த எழுத்துப் பிசகில் மாட்டிக் கிடந்தது
பத்தொன்பது வருசத்துப் பணம்.
அப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை.
ஃபார்மில் அந்தக் கட்டத்தை
அவனே நிரப்பினான்,
இடது கையால் மறைத்துக்கொண்டு.

திருநெல்வேலி ஆபீசுக்கு மூணு பேரும் பஸ் ஏறினோம்.
ஆலங்குளம் தாண்டியதும்
அவன் தோளில் சாய்ந்து அவள் தூங்கிவிட்டாள்.
பேட்டை வரைக்கும் அவன் அசையவில்லை.
ஜெபம் எனக்கும் மறந்துவிட்டது.

அந்த ஞாயிறும் புள்ளிதான்.

திங்கள் ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.
"அண்ணே" என்றான்.
அப்புறம் ஒன்றுமில்லை.
பின்னால் கத்தரிச் சத்தம்,
இலைக்கு மேல் இலையாக.
நானும் என்னவென்று கேட்கவில்லை.
வைக்கவும் இல்லை.