முதலில் ஏறுகிறவர்கள்

தேவகோட்டையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது
பெரியநாயகத்தின் இடது முழங்கால்.
எலும்பு அல்ல. பதினோரு மாதம் முன்பு
எலும்பின் இடத்தில் வைத்த உலோகம்.
மூடியில் டாக்டர் ஹாஜிரா எழுதியிருந்தார்:
பஸ் கண்டக்டர். சர்க்கரை இல்லை.
ஏன் சீழ் பிடித்தது என்று நீங்களாவது சொல்லுங்கள்.

காரைக்குடியில் எங்கள் ஆய்வுக்கூடம்
ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்.
ராமேசுவரம் வண்டி போகும்போது
நுண்ணோக்கியில் பிம்பம் நடுங்கும்.
கண்ணை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.
அன்று நடுக்கம் நின்றதும் தெரிந்தது,
உலோகத்தின் மேல் ஓர் ஊர்.

குலை குலையாய்க் கோளங்கள்,
தாமே சுரந்த கோழைக்குள் குடியேறி.
ஊருணிப் படியில் ஆளை வழுக்கிவிடும் பாசிக்கும்
இதே பிழைப்புதான்.
மருந்து மேலோடு ஓடிவிடும் மழையாக,
உள்ளே இருப்பவர்கள் நனைவதே இல்லை.

பூச்சு என்று சொன்னால் இந்தப் பக்கத்தில்
உடனே சுவரைத் தடவிக் காட்டுவார்கள்:
முட்டை வெண்கரு, சுண்ணாம்பு, முகம் தெரியும் பளபளப்பு.
நல்லது.
அந்தச் சுவருக்குள் ரத்தம் ஓடியதில்லை.

என் பூச்சு
தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
முதலில் வெள்ளி கலந்தேன். கிருமி செத்தது.
பக்கத்தில் இருந்த எலும்புச் செல்லும் செத்தது.
பிறகு ஒரு பாலிமர்,
தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் ஜாதி.
யார் வந்தாலும் ஈரத்தைத் தொட்டுவிட்டு
வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.
மறுநாள் தட்டில் ஒரு குலைகூட இல்லை.
எலும்புச் செல் ஒன்றுகூட இல்லை.
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
சிரித்துவிட்டேன், தனியாக, இரவு ஒன்றரை மணிக்கு.

ஒருவரிடம் வா என்றும் இன்னொருவரிடம் போ என்றும்
ஒரே வாயால் சொல்ல வேண்டும்.

ஒன்பது வயதில் மஞ்சள் நீர் குடித்து
கோட்டையூரிலிருந்து கண்டனூருக்குப்
பிள்ளையாகப் போனவன் நான்.
அன்று பந்தியில் யாரோ சொன்னார்,
"கூட்டியாந்ததுதானே."
பின்னால் எத்தனையோ பேர் அன்பாகப் பேசினார்கள்.
எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல்தான் விழுந்தது.
முதலில் வந்தது அது.

செவ்வாய்க்கிழமை பெரியநாயகமே வந்துவிட்டார்,
இரண்டு ஊன்றுகோல், முட்டிக்குள் தற்காலிகச் சிமெண்ட்.
"என் முட்டியத் திருப்பிக் குடுங்க சார்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டிருக்கேன்."
தர முடியாது, காட்டலாம் என்றேன்.
மேசையில் சாய்ந்து, ஒரு கண்ணை மூடி,
டிக்கெட் எண்ணுகிறவர்போல
வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுக் கூட்டமா!
முகூர்த்த நாளு திருப்பத்தூர் வண்டியில்ல இது."
பிறகு கேட்டார்,
"மொதல்ல யாரு சார் ஏறுறது?"

யார் முந்துகிறார்களோ அவர்கள்.
முதல் ஆறு மணி நேரம்தான் கணக்கு.
அதற்குள் எலும்பு உட்கார்ந்துவிட்டால்
கிருமிக்கு இடம் கிடையாது.

"அப்ப எலும்புக்குத் துண்டு போட்டு வைங்க"
என்றார்,
ஜன்னல் வழியே துண்டை எறிகிற அதே கைவீச்சோடு.
ஊன்றுகோல் சரிந்து விழுந்தது.
குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.
தேநீர் வேண்டாம் என்றார், இரண்டரை வண்டியைப் பிடிக்கணும்,
நின்றுகொண்டே போகணும்,
கால் நீட்டிய ஆளுக்கு யார் சீட் தருகிறார்கள்.

அவர் போன பின்
அந்த நீர்ப்போர்வையில் அங்கங்கே இடம்விட்டு
எலும்புச் செல் மட்டும் கைபிடிக்கும்
சின்னப் புரதத் துணுக்குகளை நட்டேன்.
எண்ணெய் பூசிக்கொண்டு உருண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
எந்த மண் என்று யாரும் தீர்மானித்ததில்லை.
நோட்டில் எழுதினேன்: மாதிரி பதினேழு. துண்டு.

இப்போது ஏழாவது மணி.
தட்டை எடுத்து வைத்துக் கண்ணைக் கொடுக்கிறேன்.
ராமேசுவரம் வண்டி போகிறது.
ஏதோ ஒட்டியிருக்கிறது.
யார் என்று தெரியவில்லை,
பிம்பம் நடுங்குகிறது.