பாகம் பிரியாத விரிசல்

முதலில் ஒரு வட்டம்.
வரைகலை நூலகத்தில் சும்மா கிடைத்தது.
மையம் உண்டு, ஆரம் உண்டு,
தன்னைத் தானே வரைந்துகொள்ளத் தெரியும்.
அதற்குமேல் அதற்கு லட்சியம் கிடையாது.

எனக்கு வேண்டியிருந்தது
ஹைலுவோட்டோ தீவுக்குப் போகும் உறைந்த கடலில்
ஆவுலிஸ் தினமும் குடையும் ஓட்டை.
ஓட்டையும் வட்டம்தானே.
துளை, வட்டத்தின் நீட்சி என்று எழுதினேன்.
எங்கள் மொழியில் சொல் வளர்வதும் அப்படித்தான்:
பகுதி கொஞ்சம் நெளியும்,
விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும்.
மையமும் ஆரமும் கேட்காமலே வந்துசேர்ந்தன.
என் பங்குக்கு நான் சேர்த்தது
பனியின் தடிமன், அளந்த மணி,
அளந்தவர் பெயர்.
வரையும் வேலையை மட்டும் பிடுங்கி மாற்றினேன்:
நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் நீலம்,
இருபத்தைந்துக்குக் கீழ் சிவப்பு,
நடுவே எனக்கே பிடிக்காத ஒரு மஞ்சள்.

பிறந்ததும் முதல் வரியில்
பெற்றதைக் கூப்பிட வேண்டும்.
மறந்தால் பிழைச்செய்திகூட வராது.
வெறும் வெள்ளைத் திரை,
ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கடல் மாதிரியே.
எது கடல், எது பிழை என்று தெரியாமல்
ஒரு மதியம் போனது.

அடுத்து பனித்தட்டுகள்.
பலகோணத்தின் பிள்ளைகள், இருநூற்றாறு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு விரிசல் பட்டியல் தேவை.
அதை மூலத்திலேயே வைத்துவிட்டேன்.
காலிப் பட்டியல்தானே,
ஆளுக்கொன்று எதற்கு என்ற சிக்கனம்.

மார்ச் இரண்டாம் வாரம்
ஆவுலிஸ் ஃபோன் செய்தார்.
"பதினேழாம் கம்பத்தருகே ஒரு விரிசல்.
விரல்கூட நுழையாது. சும்மா குறித்து வை."
குறித்தேன்.

இருநூற்றாறு தட்டும் ஒரே நொடியில் கீறின.
கீழே போட்ட பீங்கான்போல்
கரையிலிருந்து தீவுவரை.
சாலை தானாக மூடிக்கொண்டது
(அந்த விதியையும் நான்தான் எழுதியிருந்தேன்),
இரண்டு முனையிலும் சிவப்பு விளக்கு.
நடுக்கடலில் பால் லாரி.
பிர்க்கோ இறங்கி, பூட்ஸால் பனியை உதைத்து,
என்னிடம் கேட்டாள்:
"நான் நிற்குமிடத்திலும் விரிசலா?
என் காலுக்குத் தெரியவில்லையே!"

தேடினேன்.
பதினேழின் விரிசல் பதினேழிடம் இல்லை.
அது மேலே, எல்லாருக்கும் பொதுவான
கூட்டுப் பட்டாவில் ஏறியிருந்தது.
ஒருத்தி தன் சுவரில் ஆணியடித்தாள்,
தெரு முழுக்கச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அப்பாவின் படகுக் கொட்டகையும் அப்படித்தான்.
ஓஸ்மோவுக்கும் எனக்கும்
எட்டு வருடமாக எழுதிப் பிரிக்கவில்லை.
அவன் ஜன்னலைச் சாத்தாமல் போனால்
என் வலைகள் நனையும்.
நான் பூட்டை மாற்றினால்
அவன் வாசலில் நின்று குளிரில் திட்டுவான்.

திருத்தம் ஒரே வரி.
பட்டியலை மூலத்திலிருந்து எடுத்து
பிறப்புக்குள் வைத்தேன்.
இனி ஒவ்வொரு தட்டும்
தன் காலிக் கையோடு பிறக்கும்.
வடிவம் பொதுவில் இருக்கட்டும்,
வரையும் வித்தை பொதுவில் இருக்கட்டும்,
உடைவது மட்டும் அவரவர் கணக்கு.
மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
'பாகம் பிரித்தாயிற்று.'
எழுதிவிட்டு
ஓஸ்மோவின் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருநூற்றைந்து தட்டுகள் நீலத்துக்குத் திரும்பின.
பிர்க்கோ கிளம்பினாள்,
பால் ஓரத்தில் உறைந்துவிட்டதாம்,
அதற்கும் என் பெயரைத்தான் சொல்வாளாம்.

சாயங்காலம் ஆவுலிஸ் மறுபடி ஃபோனில்.
துளைக்கருவியைத் துடைக்கும் சத்தம் கேட்டது.
பிழை என்னுடையது, சரிசெய்துவிட்டேன் என்றேன்.
"பிழையென்று சொல்லாதே,
உன் படம் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது" என்றார்.
"ஒரு மூன்று வாரம்."