முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது

நாலு இரவு, ஆறாயிரத்து இருநூறு டொலர்.
சின்ன விமானத்துக்குத் தனி.
ஒவ்வொரு முறை மூழ்கவும் தனி.
காற்றுக்குமா காசு என்றேன்.
தொட்டியில அடைச்ச காத்துக்குத்தான் என்றார் சுகிர்தன்.

ரொக்ஹாம்ப்டனில் இரவு பதினொன்றரை.
மின்சாரக் கட்டணத் தாளின் பின்பக்கம்
என் கழித்தல் கணக்கு.
இறைச்சி ஆலைக் குளிரறையில்
முழங்கால் சப்பாத்தோடு அவர் நிற்கிற
இருநூறு மணித்தியாலம்
அந்தத் தீவில் நாலு விடியலில் முடிந்துவிடும்.

கொம்புத் திருக்கை வருமாம், இந்த மாதத்தில்.
"திருக்கையை நாங்கள் வறை வறுத்தெல்லோ தின்டனாங்கள்,
பாக்கிறதுக்கு ஆரும் காசு குடுப்பினமே?"
சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஒருமுறை, ஒரேயொருமுறை,
அது உயிரோடு என் தலைக்கு மேலே
வெயிலை மறைத்துக்கொண்டு போகவேண்டும்.

பிறகு மருத்துவப் படிவம்.
ஆஸ்துமா, இல்லை.
காதுக்குத்து, இல்லை.
கடலில் முன் அனுபவம்?
பேனை நின்றது.
பத்தொன்பது நாள் என்று எழுதினார்.
வெட்டினார்.
மேலே, நெருக்கி, 'கொஞ்சம்'.

குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது.
"அந்தப் படகில
நூற்றிநாலு பேர் இருந்தம்.
எல்லாரும் கரை தெரியுதோ எண்டுதான் பாத்தது.
கீழ என்ன இருந்ததெண்டு
ஒருத்தரும் பாக்கேல்லை."

தாளைத் தன் பக்கம் திருப்பி
என் கணக்கைக் கண்ணாடி இல்லாமல் வாசித்தார்.
ஒரு இடத்தில் பிழை. எண்பது டொலர் கூட.
திருத்தினார்.

"மூண்டு இரவெண்டால் எவ்வளவு வரும்,
கேட்டுப் பாரும்."